நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

அம்பாசமுத்திரத்தில் எங்கள் மதினி மூன்று வருடம் சாய்வு நாற்காலியில்தான் தூங்கினார். கட்டிலில் படுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் புளித்த நீர் தொண்டைக்கு ஏறிவிடும். இருமிக்கொண்டே எழுந்து உட்காருவார். உயரம் 156 சென்டிமீட்டர், எடை 98 கிலோ, கூடவே சர்க்கரை. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று குடும்பத்தில் முடிவானபோது, முதலில் போன மருத்துவமனையில் எடை பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், ‘ஸ்லீவ்’ (இரைப்பையை வெட்டிக் குழாய் போலச் சிறிதாக்குவது) என்று எழுதி தேதியும் கொடுத்துவிட்டார்கள். நெஞ்செரிச்சலைப் பற்றிச் சொன்னதற்கு, “எடை குறைந்தால் அதுவும் போய்விடும்” என்று பதில் வந்தது. முன்பணமும் கட்டிவிட்டோம்.

அந்தத் தேதியை நாங்கள் ரத்து செய்தோம். அதன் பிறகு எங்கள் பக்கத்தில் எட்டு ஒன்பது பேருக்கு இதே விஷயத்தில் துணைக்குப் போயிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. முடிவை உங்கள் மருத்துவரோடு சேர்ந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் எந்த வேலையை முன்னால் செய்ய வேண்டும், எதைப் பின்னால் செய்ய வேண்டும் என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதை இங்கே எழுதுகிறேன்.

1. வீட்டிலேயே தயார் செய்ய வேண்டியவை

மருத்துவரைப் பார்ப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எரிந்தது, என்ன சாப்பிட்டிருந்தீர்கள், படுத்திருந்தீர்களா, குனிந்து வேலை செய்தீர்களா, வாய்க்குள் நீர் ஏறியதா என்று அன்றன்றே குறியுங்கள். எரிச்சல் வேறு, எதுக்களிப்பு வேறு. மாத்திரை எரிச்சலை அடக்கும். மேலே ஏறி வருவதை நிறுத்தாது. இரவில் எதுக்களிப்பு உள்ளவர் “மாத்திரை போட்டால் சரியாக இருக்கிறது” என்று மட்டும் சொன்னால், மருத்துவருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும்.

சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றின் அட்டையையும் கொண்டுபோங்கள். அமிலத்தைக் குறைக்கும் பேன்டோப்ரசோல், ஒமிப்ரசோல் மட்டுமல்ல. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக் மாத்திரையும் சேர்த்துத்தான். இது பின்னால் எந்த அறுவை சிகிச்சை என்பதையே மாற்றக்கூடும்.

பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்: எடையை மீட்டரில் சொன்ன உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். மதினிக்கு 98-ஐ 1.56-ஆல் இரு முறை வகுத்தால் 40-ஐச் சற்றே தாண்டியது. அமெரிக்க, சர்வதேச அறுவை சிகிச்சைச் சங்கங்கள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 35 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5 முதலே பரிசீலிக்கலாம் என்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கு வேறு. அதை எட்டாவது பகுதியில் சொல்கிறேன்.

2. எரிவது இரைப்பை அமிலத்தால்தானா?

நம் ஊரில் நெஞ்சில் எது நடந்தாலும் ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிடுவோம். சர்க்கரை உள்ளவருக்கு, மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுகினால், அது இதயமாக இருக்கலாம். முதலில் ஈ.சி.ஜி.யும், மருத்துவர் சொன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பு எப்படியும் இவை தேவைப்படும். முன்கூட்டியே எடுப்பதால் நஷ்டம் இல்லை.

வயிற்று ஸ்கேனும் எடுங்கள். பித்தப்பையில் கல் இருந்தால் அதன் வலியும் மேல்வயிற்றில்தான் வரும். எடை வேகமாகக் குறையும்போது புதிதாகக் கல் உருவாவதும் உண்டு. அதனால் இப்போதைய நிலை ஏட்டில் இருப்பது நல்லது.

3. தேதி குறிப்பதற்கு முன்னால் எண்டோஸ்கோப்பி

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் ஆணிவேர். நான் துணைக்குப் போனவர்களில் பாதிப் பேர் இதைக் கடைசியில் வைத்திருந்தார்கள், அல்லது வைக்கவே இல்லை. முன்பணம் கட்டிய பிறகு செய்யும் பரிசோதனையில் என்ன வந்தாலும், குடும்பத்தின் மனம் ஏற்கெனவே எடுத்த முடிவின் பக்கமே சாயும். அதனால் முதலில் எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்கும் பரிசோதனை, பிறகு அறுவை சிகிச்சை நிபுணர், அதன் பிறகே பணம். பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டையிலேயே எண்டோஸ்கோப்பி செய்துகொள்ளலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, உணவுக்குழாய்ப் புண்ணின் அளவு. லாஸ் ஏஞ்சல்ஸ் முறைப்படி ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள் உண்டு. ஏ லேசானது, டி கடுமையானது. வெறுமனே ‘புண் இருக்கிறது’ என்று எழுதியிருந்தால், எந்தப் படி என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, பேரட் மாற்றம். நீண்ட நாள் அமிலம் பட்டு உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவதை அப்படிச் சொல்வார்கள். சிலருக்கு அது பின்னாளில் புற்றுநோய் வரை போகக்கூடும். சந்தேகம் இருந்தால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். அந்த முடிவு வரும்வரை காத்திருங்கள்.

மூன்றாவது, ஹையாட்டஸ் ஹெர்னியா. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தில், உணவுக்குழாய் இறங்கி வரும் துளை தளர்ந்து இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுக்குள் ஏறிக்கொள்வது. எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதியிருக்க வேண்டும். மதினிக்கு 3 சென்டிமீட்டர். கூடவே சி படிப் புண். முதல் மருத்துவமனையில் யாரும் உள்ளே பார்க்கவே இல்லை.

நான்காவது, எச்.பைலோரி கிருமி. இருந்தால் அறுவை சிகிச்சைக்கு முன்பே மருந்து கொடுத்து ஒழிப்பார்கள். பைபாஸ் (இரைப்பையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டுக் குடலை மேலே இணைக்கும் அறுவை சிகிச்சை) செய்த பிறகு இரைப்பையின் பெரும்பகுதிக்குள் சாதாரணக் குழாய் போகாது. அங்கே புண் வந்தால் பார்ப்பதே கஷ்டம்.

இங்கே நடக்கும் தவறு ஒன்று: மாத்திரையைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே போய்க் குழாய் விடுவது. மாத்திரை புண்ணை ஆற்றிவிடும், அறிக்கை சுத்தமாக வரும். கிருமிப் பரிசோதனையும் பொய் சொல்லும். அதற்கு இரண்டு வாரம் அமில மாத்திரையும், நான்கு வாரம் ஆன்டிபயாடிக்கும் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தலாமா, எத்தனை நாள் என்று குழாய் விடும் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள். அதுவரை எந்த மாத்திரை, எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று அறிக்கையிலேயே குறிக்கச் சொல்லுங்கள்.

4. 24 மணி நேர அமில அளவு, உணவுக்குழாய் அழுத்தப் பரிசோதனை

பி, சி, டி படிப் புண்ணோ பேரட் மாற்றமோ உறுதியானால் அமிலம் ஏறுகிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. எரிச்சல் கடுமையாக இருந்தும் குழாயில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், ஏ படியில் நிற்பவர்களுக்கும் இந்தப் பரிசோதனை மிகவும் உதவும். எல்லா மருத்துவமனையிலும் இந்தக் கருவி இல்லை. மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போக வேண்டி வரலாம். கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். குழாயை எடுக்க மறுநாளும் போக வேண்டும் என்பதால் இரவு தங்க இடம் பாருங்கள்.

உறவினர் ஒருவரோடு மதுரைக்குப் போனபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். மூக்கு வழியாக நூல் போன்ற குழாயை விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, இடுப்பில் சிறிய பெட்டி ஒன்றை மாட்டிவிட்டார்கள். எரியும்போதெல்லாம் அதில் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். சித்தி வீட்டில் தங்கினோம். மூக்கில் குழாயோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் சித்தி பதறிப்போய்க் கஞ்சி வைக்கப் போனார். நான் தடுத்தேன். அன்று இரவு கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் சோறும் வழக்கம்போல் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தார். விடிவதற்குள் பதினொரு முறை பொத்தானை அமுக்கியிருந்தார்.

பலரும் குழாய் உறுத்துகிறது என்று அந்த ஒரு நாள் பட்டினி கிடக்கிறார்கள், உட்கார்ந்தே விடிய வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் அமிலம் ஏறாது. அறிக்கை ‘இயல்பு’ என்று வரும். அதை நம்பித் தவறான அறுவை சிகிச்சைக்குப் போவீர்கள். வழக்கமான சாப்பாடு, வழக்கமான நேரம், வழக்கமான படுக்கை. மாத்திரையைப் பொதுவாக ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

முடிவில் ஒரு சதவீதம் இருக்கும்: நாளில் எவ்வளவு நேரம் உணவுக்குழாய் அமிலத்தில் நனைந்திருந்தது என்பது. 4-க்குக் கீழே இயல்பு; 6-க்கு மேலே நோய் உறுதி; இடையில் இருந்தால் மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அழுத்தப் பரிசோதனை, உணவுக்குழாய் உணவைச் சரியாகக் கீழே தள்ளுகிறதா என்று காட்டும். தள்ளும் சக்தி குறைந்தவருக்கும் இதே எரிச்சல் வரலாம்; அவருக்கு வைத்தியமே வேறு.

5. ஒவ்வொரு அறுவை சிகிச்சையும் எதுக்களிப்பை என்ன செய்கிறது

ஸ்லீவ்: இரைப்பையின் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு குழாய் போல ஆக்கிவிடுவார்கள். முன்பு இரைப்பை பை போல விரிந்து கொடுத்தது. இப்போது குறுகிய குழாய்க்குள் அழுத்தம் கூடுகிறது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இயற்கையாக உள்ள சாய்வு ஒரு கதவு போல வேலை செய்யும். வெட்டும்போது அதுவும் குலைகிறது. எடை குறைந்தால் வயிற்றின் அழுத்தம் குறைந்து எதுக்களிப்பு தணியும் என்பது உண்மைதான். ஆனால் இந்த அமைப்பு அதற்கு எதிராக வேலை செய்கிறது. சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும், முன்பு இல்லாதவருக்கும் புதிதாக வரும். பின்லாந்தில் 240 பேரை இரு பிரிவாக்கிச் செய்த ஸ்லீவ்பாஸ் ஆய்வில், 10 ஆண்டு கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தபோது ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய்ப் புண். பைபாஸ் செய்தவர்களில் 7 சதவீதம். பேரட் மாற்றம் மட்டும் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவுதான். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

ஸ்லீவுக்கு நன்மைகளும் உண்டு. குடலைத் தொடுவதில்லை, வைட்டமின் குறைபாடு ஒப்பிட்டால் குறைவு, பின்னாளில் குழாய் விட்டுப் பார்ப்பதும் எளிது. எதுக்களிப்பு இல்லாதவருக்கு நல்ல சிகிச்சைதான்.

பைபாஸ், அதாவது ரூ-என்-ஒய் முறை: இரைப்பையின் மேல்புறத்தில் இரண்டு மேசைக்கரண்டி கொள்ளும் சிறு பையைத் தனியாகப் பிரித்து, சிறுகுடலை மேலே கொண்டுவந்து அதில் இணைப்பார்கள். அந்தச் சிறு பையில் அமிலம் சுரக்கும் இடம் மிகக் குறைவு. பித்தநீர் மிகவும் கீழே, பெரும்பாலும் 75 முதல் 150 சென்டிமீட்டர் தள்ளிதான் வந்து சேர்கிறது. அமிலமும் பித்தமும் மேலே ஏற வழி அடைபடுவதால்தான் கடுமையான எதுக்களிப்பு உள்ளவர்களுக்கு இதை முதலில் சொல்கிறார்கள். விலையும் உண்டு: இணைப்பில் புண், குடல் உள்ளே சிக்கிக்கொள்ளும் ஆபத்து, இரும்பு, கால்சியம், பி12 குறைபாடு. மாத்திரை ஆயுள் முழுவதும்.

மினி பைபாஸ்: இரைப்பைப் பைக்கும் குடலுக்கும் ஒரே ஓர் இணைப்பு, நேரம் குறைவு, எடையும் நன்றாகக் குறையும். ஆனால் பித்தநீர் அந்த இணைப்பைத் தொட்டுக்கொண்டே போகிறது. சிலருக்கு அது மேலே ஏறும். பித்தம் ஏறுவதை அமில மாத்திரையால் அடக்க முடியாது. பெயரில் ‘பைபாஸ்’ என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்புதல் படிவத்தில் எது எழுதியிருக்கிறது என்று ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

வயிற்றுக்குள் பலூன் வைப்பது எதுக்களிப்பைக் கூட்டும். பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா உள்ளவருக்கு அதை வைப்பதில்லை. இரைப்பையைச் சுற்றிப் பட்டை கட்டும் முறை இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது.

6. அறிக்கையை முடிவோடு பொருத்துவது

சி அல்லது டி படிப் புண், பேரட் மாற்றம், பெரிய ஹெர்னியா, தினமும் இரவில் எதுக்களிப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பேச்சு ரூ-என்-ஒய் பைபாஸிலிருந்து தொடங்க வேண்டும். ஹெர்னியா இருந்தால் அதே மயக்கத்தில் அதையும் சரிசெய்துவிடுவார்கள். தனியாக இன்னொரு அறுவை சிகிச்சை வேண்டாம். மதினிக்கு அப்படித்தான் செய்தார்கள்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள், அதுவும் பந்தியில் சாப்பிட்ட இரவு மட்டும் எரிகிறது, குழாயில் ஒன்றும் இல்லை, அமில நேரமும் இயல்பு என்றால் ஸ்லீவ் தடை இல்லை. எதுக்களிப்பு கூடினால் பைபாஸாக மாற்ற நேரலாம் என்பதை ஏற்றுக்கொண்டு போகலாம்.

பைபாஸ் எல்லோருக்கும் பொருந்தாது. முன்பு குடலில் பெரிய அறுவை சிகிச்சைகள் நடந்தவர், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி உள்ளவர், மூட்டுவாதத்துக்காக வலி மாத்திரையை விடவே முடியாதவர், பீடி சிகரெட்டை நிறுத்தாதவர் ஆகியோருக்கு மருத்துவர் தயங்குவார். புகையும் வலி மாத்திரையும் இணைப்பில் புண்ணை உண்டாக்கும். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில், நோயாளி நிறுத்திவிட்டாலும் வீட்டுக்குள் புகை இருந்துகொண்டே இருக்கும். அதையும் வீட்டாரோடு பேசித் தீருங்கள்.

அந்தப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் ஸ்லீவ் செய்து 30 கிலோ குறைந்தார். ஊரே பாராட்டியது. அவர் மட்டும் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்து தூங்கினார். கடைசியில் அதையே பைபாஸாக மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மயக்கம், இரண்டு செலவு. முதல் முறையே குழாய் விட்டுப் பார்த்திருந்தால் என்று அவர் மனைவி இன்றும் சொல்கிறார்.

7. அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்க வேண்டியவை

கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். என் எண்டோஸ்கோப்பி அறிக்கையை வைத்துப் பார்த்தால் ஏன் இந்த முறை? நீங்கள் ரூ-என்-ஒய் பைபாஸ் வழக்கமாகச் செய்கிறீர்களா, எத்தனை செய்திருக்கிறீர்கள்? ஹெர்னியாவை அதே நேரத்தில் சரிசெய்வீர்களா? ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்றுவலி வந்தால் யாரைக் கூப்பிடுவது?

இரண்டாவது கேள்வி மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். “ஐயா, தவறாக நினைக்காதீர்கள்” என்று தொடங்கிக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்படுவதில்லை. ஒரு முறையை மட்டுமே செய்பவர் அந்த முறையையே பரிந்துரைப்பது இயல்பு. அதனால்தான் இந்தக் கேள்வி. சென்னைக்குப் போய்ச் செய்வதென்றால், திரும்பி வந்த பிறகு உள்ளூரில் யார் பார்ப்பார் என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் ரயில் டிக்கெட் எடுக்க வேண்டும்.

8. காப்பீடு

இந்தியாவில் காப்பீட்டு ஆணையத்தின் பொது விதிப்படி 18 வயது நிரம்பி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும்; அல்லது 35 அல்லது அதற்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்திணறல், இதய நோய் போன்றவை இருந்து, மற்ற வழிகளில் எடை குறையவில்லை என்று காட்ட வேண்டும். எதுக்களிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் சர்க்கரை அறிக்கைகளையும், உணவுக் கட்டுப்பாடு முயன்ற மருத்துவச் சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். முன் அனுமதியைக் கடிதமாக வாங்குங்கள், வாய்மொழியாக வேண்டாம்.

9. முந்தைய வாரங்கள்

பெரும்பாலும் இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த, புரதம் கூடிய உணவு கொடுப்பார்கள். கொழுப்புப் படிந்த கல்லீரல் சுருங்கினால்தான் இரைப்பையின் மேல்பகுதியை எட்ட முடியும். “இனி சாப்பிட முடியாதே” என்று கடைசி வாரத்தில் குற்றாலத்துக்குப் போய் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு வந்தால், மேசையில் படுத்த பிறகு சிரமம் உங்களுக்குத்தான்.

எடை குறைக்கும் வார ஊசி போட்டுக்கொள்பவர்கள் மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் உணவு நுரையீரலுக்குள் போகலாம். எதுக்களிப்பு உள்ளவர் என்பதையும் தனியாகச் சொல்லுங்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

பைபாஸ் செய்த மறுவாரமே எரிச்சல் நின்றுவிடும் என்பதால் அமில மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அது இப்போது எரிச்சலுக்காக அல்ல, இணைப்பு ஆறுவதற்காக. வழக்கமாக மூன்று மாதமாவது கொடுப்பார்கள். வலி என்றால் பாராசிட்டமால் மட்டும்.

அல்வாவைத் தள்ளி வையுங்கள். பைபாஸுக்குப் பிறகு சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த பொருள் நேராகக் குடலுக்குள் இறங்கும். அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிறு முறுக்கிப் படுக்கவைத்துவிடும். மதினிக்கு ஒரு கல்யாண வீட்டில் ஒரே ஒரு துண்டுக்கே அப்படி ஆயிற்று. கருப்பட்டிக் காப்பியும் இதே கணக்குதான்.

இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். பெண்கள் முதல் 12 முதல் 18 மாதம் கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். ஸ்லீவ் செய்தவர்கள் எரிச்சல் இல்லாவிட்டாலும் ஒரு வருடத்தில் குழாய் விட்டுப் பார்த்து, பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். புண் சத்தமில்லாமல் வளரும்.

முதல் வாரங்களில் காய்ச்சல், நாடி 120-ஐத் தாண்டுவது, மூச்சு வாங்குவது, இடது தோள்பட்டை வலி ஆகியவற்றில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். தையலில் கசிவு இருக்கலாம். நிற்காத வாந்தி என்றால் பி1 வைட்டமின் ஊசி பற்றிக் கேளுங்கள். பைபாஸ் செய்து வருடங்கள் கழித்துக்கூட, சாப்பிட்டதும் வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி வந்தால் சி.டி. ஸ்கேன் தேவைப்படும், குடல் உள்ளே சிக்கியிருக்கலாம்.

கடைசியாக, ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸிலேயே வையுங்கள்: எந்த அறுவை சிகிச்சை, எந்தத் தேதி, எந்த மருத்துவர், அவருடைய எண், டைக்ளோஃபெனாக் போன்ற வலி ஊசி வேண்டாம், மூக்கு வழியாகக் குழாயைப் பார்க்காமல் செலுத்த வேண்டாம். நள்ளிரவில் தென்காசியிலோ வள்ளியூரிலோ அவசரப் பிரிவில் படுத்திருக்கும்போது, பணியில் இருக்கும் மருத்துவருக்கு உங்கள் வயிற்றுக்குள் என்ன மாறியிருக்கிறது என்று தெரிய வேறு வழி இல்லை. மதினியின் அட்டை பிளாஸ்டிக் உறை போட்டு, அவருடைய ஆதார் அட்டைக்குப் பின்னால் இருக்கிறது.